ஒரு முழக் கம்பி: முதல் ஹாம் ஹேண்டி வாங்கும்முன்

"அண்ணா, பரீட்சை பாஸாயிட்டேன். லைசென்ஸும் வந்துடுச்சு. எந்த செட் வாங்கட்டும்?"

உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோவுக்குள் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். பதிலுக்கு நான் மூன்று கேள்விகள் கேட்பேன். வீடு எத்தனையாவது மாடி? மொட்டை மாடிக்கு ஏற வழி உண்டா? பக்கத்து ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? செட்டைப் பற்றிக் கேட்டால் இவர் மாடியைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலர் விழிப்பார்கள். கையில் பிடிக்கிற ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முதலில் முடிவு செய்வது உயரம், அடுத்து ஆன்டெனா. செட்டின் விலை அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

ஹேண்டி என்று நாங்கள் சொல்வது வாக்கி டாக்கி போன்ற கைக்கருவியை. இந்தியாவில் ஹாம்கள் இதில் பயன்படுத்தும் அலைவரிசைகள் முக்கியமாக இரண்டு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை இன்னொன்று. அலையின் நீளத்தை வைத்து முன்னதை இரண்டு மீட்டர் என்றும், பின்னதை எழுபது சென்டிமீட்டர் என்றும் சொல்வோம். இந்த நீளக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆன்டெனாவுக்கு வரும்போது தேவைப்படும்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்து மறைகிற இடத்தோடு கதை முடிந்தது. அந்தத் தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். தரையில் நிற்கும் ஒருவர் வாய்க்கு நேரே ஹேண்டியைப் பிடித்தால் உயரம் ஒன்றரை மீட்டர், எட்டும் தூரம் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5. ஆக, தடையே இல்லாத பொட்டல்வெளியில் இருவரும் 10 கிலோமீட்டர் இடைவெளியில் பேசலாம். ஊருக்குள் கட்டடமும் மரமும் குறுக்கே வந்தால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. அதே ஆள் மூன்றாம் மாடியின் மேல் 12 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றால் அவர் பங்கு 14 கிலோமீட்டராகிவிடும். சமவெளிக்கு மேல் 1000 மீட்டர் எழும்பிய மலை உச்சி என்றால் 130 கிலோமீட்டர்!

மலை மேல் ரிப்பீட்டர் வைப்பது இதனால்தான். ரிப்பீட்டர் உங்கள் குரலை ஒரு அதிர்வெண்ணில் வாங்கி, அதே நொடியில் இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்பும். இரண்டு மீட்டரில் இந்த இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். நீங்கள் கேட்பதைவிட 600 கீழே பேச வேண்டும். பல ரிப்பீட்டர்கள் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய டோன் உங்கள் குரலோடு வந்தால்தான் கதவைத் திறக்கும். புது செட்டில் "எல்லாம் கேக்குது, யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் இந்த டோனை வைக்காதவர்கள்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் (அவர் அழைப்புக்குறி வியு2ஆர்பிஐ) அங்கிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். அதைப் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவர்கள் உண்டு. நல்ல காரணம்தான். ஆனால் கடல் தாண்டிய அந்தத் தொடர்பு சிற்றலையில் நடந்தது. சிற்றலை வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். ஹேண்டியின் அலை அப்படித் திரும்பாது. ஹேண்டி உங்கள் மாவட்டத்துக்கான கருவி.

அடுத்து சட்டம். அமெச்சூர் லைசென்ஸ் இல்லாமல் இந்த செட்டுகளை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்றால் வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, ஜெனரல் என்றால் வியு2. இணையக் கடைகளில் வாக்கி டாக்கி கண்டபடி விற்பதைக் கட்டுப்படுத்த 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. "எல்லாரும்தான் வாங்குறாங்க" என்பது செல்லாது. மலிவு செட்டுகள் 136 முதல் 174 வரை எங்கே வைத்தாலும் பேசும். அந்த எல்லைக்குள் காவல்துறையும் கப்பல்களும் இன்னும் பலரும் இருக்கிறார்கள். விரல் தவறி அங்கே பட்டனை அழுத்தினால் ஒருவருடைய அவசரப் பேச்சை நீங்கள் மறைக்கக்கூடும். வாங்கிய அன்றே நமக்கு உரிய எல்லைக்கு வெளியே செட் பேசாதபடி பூட்டிவிடுங்கள்.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இரண்டு மீட்டர் 148 வரை போகும், நமக்கு 146தான் எல்லை. அவர்களுக்கு 220 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலைவரிசை உண்டு, நமக்குக் கிடையாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுத்து மூன்று அலைவரிசை செட் வாங்கினால் அந்தக் காசு தண்டம்.

சரி, எந்த செட்? ஒரு பக்கம் பாஃபெங் யுவி-5ஆர். 2012 வாக்கில் வந்து, உலகம் முழுக்க ஹாம்களின் முதல் செட்டாக ஆகிவிட்டது. குவான்ஷெங் யுவி-கே5 அதற்குப் பின் வந்த அதே வகை. இன்னொரு பக்கம் யாயேசு, ஐகாம், கென்வுட் என்னும் ஜப்பான் நிறுவனங்கள். விலை பல மடங்கு. அந்த விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று தெரிந்தால் முடிவு எளிது.

வாட்டில் போகவில்லை. இரண்டு வகையிலும் 5 வாட்தான். 8 வாட், 10 வாட் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு கட்டம் ஏற வேண்டுமானால் நீங்கள் நாலு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 5 வாட் 8 ஆனால் அரைக் கட்டம்கூட ஏறாது, பாட்டரி மட்டும் சீக்கிரம் காலியாகும்.

வித்தியாசம் ரிசீவரில் இருக்கிறது. மலிவு செட்டுகளில் ஒரே ஒரு சிப் கிட்டத்தட்ட மொத்த ரேடியோவாக வேலை செய்கிறது. ஊர் ஓரத்தில், வயல்வெளியில் அது அருமையாகக் கேட்கும். நகரத்தின் நடுவில், எஃப்எம் கோபுரமும் பலவகை ஒலிபரப்பிகளும் சூழ்ந்த இடத்தில், வேண்டாத பலமான சிக்னல்கள் உள்ளே புகுந்து அதைச் செவிடாக்கிவிடும். யாயேசு எஃப்டி-60ஆர் போன்ற செட்டுகளில் சூப்பர்ஹெட்டரோடைன் முறை. வேண்டியதை மட்டும் படிப்படியாக வடிகட்டி எடுக்கும். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் குரலை மட்டும் பிடித்துக் கேட்கிற காது அது.

என் அபிப்பிராயம் இதுதான். கிராமத்திலோ சிறு ஊரிலோ இருக்கிறீர்கள், கையில் பணம் குறைவு என்றால் மலிவு செட்டில் தயங்காமல் தொடங்குங்கள். பெருநகரத்தின் நடுவில் இருந்தால், ஆறு மாதம் பணம் சேர்த்தாவது நல்ல ரிசீவர் உள்ளதை வாங்குங்கள். டிஎம்ஆர், டி-ஸ்டார், ஃப்யூஷன் என்ற டிஜிட்டல் வகைகள் ஒன்றோடொன்று பேசாது. உங்கள் ஊர்க்காரர்கள் எதில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். வாங்கும்போது கூடவே பார்க்க வேண்டியவை பாட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்பதும், கணினியோடு இணைக்கும் கேபிளும். சிர்ப் என்ற இலவச மென்பொருளில் ரிப்பீட்டர்களை ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். பட்டனைத் தட்டித் தட்டி ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும். கேபிளுக்குள் இருக்கும் சிப் போலியாக இருந்தால் விண்டோஸ் அதை அடையாளம் காணாது. செட் பழுது என்று நினைத்துக் கலங்காதீர்கள்.

இனி ஆன்டெனா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

செட்டோடு வரும் குட்டையான கறுப்பு ஆன்டெனாவை ரப்பர் டக் என்பார்கள். அது ஏன் சுமாரானது? ஒளி ஒரு நொடியில் 30 கோடி மீட்டர் போகிறது. அதை 14.5 கோடியால் (145 மெகாஹெர்ட்ஸ்) வகுத்தால் 2 மீட்டருக்குச் சற்று மேல். நன்றாக அலை வீசும் எளிய கம்பிக்கு இதில் கால் பங்கு நீளம் வேண்டும். கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதற்காகச் சிறிது குறைத்தால் 49 சென்டிமீட்டர். உங்கள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். ஒரு முழமும் இரண்டு விரற்கடையும். பூக்காரம்மா அளந்து தரும் அதே முழம்தான் இரண்டு மீட்டர் ஆன்டெனாவுக்கு அளவு! செட்டோடு வந்ததோ ஒரு சாண்கூட இல்லை. உள்ளே கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றி நீளத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். மின்சாரக் கணக்குக்கு அது போதும். அலை வீசும் வேலைக்கு அந்தக் குட்டை உடம்பு போதாது. கொடுக்கும் 5 வாட்டில் கணிசமான பங்கு சூடாகவும் வேறு வழிகளிலும் போய்விடும்.

எழுபது சென்டிமீட்டரில் கால் பங்கு 16 சென்டிமீட்டர்தான். அதனால் அங்கே ரப்பர் டக் அவ்வளவு மோசமில்லை. இன்னொரு அழகும் இருக்கிறது. 16ஐ மூன்றால் பெருக்குங்கள், ஏறக்குறைய நம் முழக்கம்பியின் நீளம் வந்துவிடும். இரண்டு மீட்டருக்குக் கால் பங்காக நிற்கும் அதே கம்பி, எழுபது சென்டிமீட்டருக்கு முக்கால் பங்காக நின்று வேலை செய்யும். ஒரே கம்பியில் இரண்டு அலைவரிசையும் கிடைப்பதன் ரகசியங்களில் இது ஒன்று.

ஆன்டெனாவுக்கு எப்போதும் இரண்டு பாதி உண்டு. கம்பி மேல் பாதி. கீழ்ப் பாதி செட்டின் உலோக உடலும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும். கையில் எடுத்ததும் சிக்னல் ஏறுவதையும், மேசையில் வைத்ததும் குறைவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கீழ்ப் பாதியைச் சரியாகக் கொடுத்துவிட்டால் பழைய ரப்பர் டக்கே புத்துயிர் பெறும். இதற்குப் பெயர் டைகர் டெயில், புலிவால். எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு மீட்டர் மெல்லிய வயரும், கால் அங்குலத் துளையுள்ள மெல்லிய வளைய லக் ஒன்றும் வாங்குங்கள். 49 சென்டிமீட்டர் வெட்டி, முனையைச் சீவி லக்கில் சால்டர் செய்யுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி, மரைக்குள் லக்கை மாட்டி, மறுபடி இறுக்குங்கள். லக் வெளி உலோகத்தை மட்டும் தொட வேண்டும், நடுவில் உள்ள ஊசியில் பட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான், வயர் கீழே தொங்கட்டும். முன்பு கரகரத்த ரிப்பீட்டர் இப்போது தெளிவாகப் பிடித்தால், இருபது ரூபாய்க்குள் கிடைத்த லாபம்.

மாற்று ஆன்டெனா வாங்குவது என்று முடிவு செய்தால், முதலில் செட்டின் வாயைப் பாருங்கள். நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறதா, துளை இருக்கிறதா? பாஃபெங் வகையில் செட்டில் ஊசி இருக்கும். அதற்குத் துளையுள்ள ஆன்டெனா, அதாவது எஸ்எம்ஏ ஃபீமேல். யாயேசு போன்றவற்றில் செட்டில் துளை, ஆன்டெனாவில் ஊசி, எஸ்எம்ஏ மேல். கடையில் செட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராமல் இதைச் சேர்த்துக் கேளுங்கள். வைஃபை ரூட்டர் ஆன்டெனாவும் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும், யாயேசு வகை செட்டில் மரையும் ஏறும். அதில் ஊசியும் துளையும் இடம் மாறியிருப்பதால் நடுவில் தொடர்பே கிடைக்காது. அலைவரிசையும் வேறு. அதை மாட்டிக்கொண்டு பேச முயன்றால் செட்டில் அலையைப் பெருக்கி அனுப்பும் கடைசிப் பகுதி எரிந்துபோகும் அபாயம் உண்டு.

நாகோயா என்ற தைவான் நிறுவனத்தின் என்ஏ-771 பலரும் வாங்கும் மாற்று. ஏறக்குறைய 39 சென்டிமீட்டர் நீளம், வளையும் தன்மை உள்ளது. அந்தப் பெயரில் போலிகள் சந்தையில் ஏராளம். நானும் ஒரு தடவை இணையத்தில் மலிவாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். பெட்டி, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருந்தது. மாட்டிப் பார்த்தால் பழைய ரப்பர் டக்கைவிடச் சிக்னல் குறைந்தது. நண்பர் வீட்டில் நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது 158 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இசைந்திருந்தது, நமக்கு வேண்டிய 145இல் இல்லை. வாங்கிய உடனே சோதியுங்கள். சோதிக்கக் கருவி வேண்டாம். எட்டாத ஓரத்தில் கரகரப்போடு வரும் ஒரு ரிப்பீட்டரை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்று, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பலமான சிக்னலில் எந்த ஆன்டெனாவும் நல்ல ஆன்டெனாதான். ஓரத்துச் சிக்னலில்தான் குணம் தெரியும்.

நீள ஆன்டெனாவால் ஒரு வேதனையும் உண்டு. நகரத்து நடுவில் மலிவு செட்டில் நல்ல ஆன்டெனா மாட்டினால், கேட்பது மோசமாகலாம். ஏற்கெனவே திணறும் ரிசீவருக்குள் இன்னும் கூடுதலாக இரைச்சலைக் கொட்டுகிறது அது. அப்படி நடந்தால் ஆன்டெனாவைக் குறை சொல்லிக் கழற்றி எறிய வேண்டாம், மலைக்கோ ஊர் ஓரத்துக்கோ போகும்போது மாட்டுங்கள்.

நீளக் கம்பி சின்ன எஸ்எம்ஏ மரையை நெம்புகோல் போல இழுக்கும். பையில் போடும்போது, காரில் ஏறும்போது கழற்றிவிடுங்கள், அல்லது குட்டையை மாட்டுங்கள். காருக்குள் உட்கார்ந்து ஹேண்டியில் பேசுவது தகரப் பெட்டிக்குள் இருந்து கத்துவது மாதிரி. கூரையில் காந்தத்தோடு ஒட்டும் ஆன்டெனா ஒன்றை வைத்துப் பாருங்கள், அந்தக் கூரையே கீழ்ப் பாதியாகிவிடும். வீட்டிலும் மொட்டை மாடி ஆன்டெனா எதையும் மிஞ்சும். செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸியல் கேபிளை மட்டும் அளவாக வையுங்கள். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் போட்டால் இரண்டு மீட்டரில் 5 வாட்டில் 3 வாட்தான் மேலே போய்ச் சேரும். எழுபது சென்டிமீட்டரில் 2 வாட்.

பிடிக்கும் விதமும் ஆன்டெனாவில் சேர்த்தி. சினிமாவில் வருவது போல ஹேண்டியைப் படுக்கவைத்து வாயருகே வைத்துப் பேசுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். எதிரில் இருப்பவரின் ஆன்டெனா நின்றிருக்க, உங்களுடையது படுத்திருந்தால் போகும் சக்தி நூறில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடும். 5 வாட் 0.05 வாட்! ஆன்டெனாவை நேராக நிறுத்துங்கள். முகத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள், மைக்குக்கும் அதுதான் நல்லது. ரிப்பீட்டர் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டாதீர்கள், உடம்பு நிறைய அலையை உறிஞ்சும்.

நிறுத்திப் பிடிக்கும் இந்த விதி செல்லாத ஒரு இடம் உண்டு. அதைச் செய்து பார்க்காமல் இருக்காதீர்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்று ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. இயங்கும் நாட்களில் அது 437.800 மெகாஹெர்ட்ஸில் பேசும். நிலையம் பறப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில். கைக்கணக்குப் போட்ட அதே நேர்கோட்டு அலைக்கு அங்கே தடையே இல்லை. ஒரு தடவை தலைக்கு மேல் கடக்கும் நேரம் சுமார் பத்து நிமிடம். அது நெருங்கி வரும்போது 10 கிலோஹெர்ட்ஸ் மேலே வைத்துக் கேளுங்கள், விலகும்போது அதே அளவு கீழே. ரயில் ஊதலின் சுருதி மாறுகிற அதே விதிதான். ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தால் குரல் வந்து வந்து மங்கும், ஏனென்றால் மேலே இருக்கும் ஆன்டெனாவின் சாய்வு நம் பார்வைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. மங்கும்போது கையை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு சாய்வில் இரைச்சல் விலகி, ஏதோ ஒரு ஊரின் அழைப்புக்குறி தெளிவாகக் கேட்கும். உங்கள் மணிக்கட்டு அதே சாய்வில் நிற்கட்டும். பத்து விநாடிக்கு ஒரு தடவை மறுபடி கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும்.